சீனிக் குளிசையும் கிட்னியில உப்பும்: அடிக்கடி கேக்குற கேள்விகள்

ஹட்டன் டவுன்ல ஒரு பாமசி கௌண்டர்ல நிக்கிற ஆள் நான். சம்பளம் போட்ட வாரத்துல டொக்டர் எழுதின மருந்துத் துண்டோட வர்ற சனத்துக்கிட்ட இருந்து ஒரே சந்தேகங்கள்தான் திரும்ப திரும்ப வருது, சீனிக் குளிசை கிட்னிய பழுதாக்குமா, கால் ஏன் வீங்குது, புதுசா எழுதின குளிசை ஏன் இப்பிடி ஒண்ணுக்கு போக வைக்குது, உப்பு கொறைக்கணுமா வேணாமான்னு. பின்னாடி கியூ நிக்கிறப்ப ஒவ்வொருத்தருக்கும் நின்னு வெளங்கப்படுத்த ஏலாது, அதனால அவங்க கேட்ட மாதிரியே கேள்விய போட்டு பதில எழுதி வைக்கிறேன். மேல இருந்து வாசிச்சிக்கிட்டு வாங்க, கீழ உள்ள பதில்கள் மேல சொன்னத வச்சித்தான் போகும்.

ஒரு விசயம் மட்டும் முதல்லயே சொல்லிர்றேன். குளிசைய நிப்பாட்டுறது, கூட்டுறது, மாத்துறது எல்லாம் உங்கள பாக்குற டொக்டர்ட முடிவு. இத வாசிச்சிட்டு நீங்களா செய்யாதீங்க, கேக்க வேண்டியத கேக்குறதுக்குத்தான் இது.

சீனி வருத்தத்துக்கு வந்தா நீங்க ஏன் உப்ப பத்தி பேசுறீங்க?

கிட்னியோட பெரிய வேலையே உப்புதான், அதான். ரெண்டு கிட்னியும் சேர்ந்து ஒரு நாளைக்கு கிட்டத்தட்ட 180 லீட்டர் தண்ணிய ரத்தத்துல இருந்து வடிக்குது. அந்த தண்ணியோட போற உப்ப கணக்கு பாத்தா ஒன்றரை கிலோவுக்கு கிட்ட வரும். நாம சாப்பிடுறதோ சில கிராம்தான். அப்ப வடிச்சதுல 99 சதவீதத்துக்கு மேல திருப்பி ரத்தத்துக்குள்ள எடுத்தே ஆகணும், இல்லாட்டி ஒரு நாள் தாங்க மாட்டோம்.

இந்த திருப்பி எடுக்கிறது வடிகட்டிக்கு அடுத்து வர்ற மெல்லிசான சிறுகுழாய்கள்ல நடக்குது. மொத பகுதியில 65 சதவீதம் மாதிரி, அடுத்து வளைஞ்சி வர்ற பகுதியில 25 சதவீதம் மாதிரி, மிச்ச கொஞ்சம் கடைசிப் பகுதிகள்ல. உப்பு எங்க போகுதோ அங்க தண்ணியும் போகும், அதனால உப்ப கூட எடுத்தா ஒடம்புல தண்ணி தேங்கும், பிரஷர் கூடும், கால் வீங்கும், கொறைய எடுத்தா பிரஷர் எறங்கும், தல சுத்தும். சீனிக் குளிசைகள்ல சிலது உப்ப வெளிய விடுது, சிலது உள்ள புடிச்சி வைக்குது, சிலது ரெண்டும் பெருசா செய்யாது. எல்லாத்தையும் “சீனிக் குளிசை”ன்னு ஒரே பேர்ல சொல்றதாலதான் இவ்வளவு கொழப்பம், ஒங்க குளிசைட பேர நீங்க தெரிஞ்சி வச்சிருக்கணும்.

சீனியும் உப்பும் கிட்னியில எங்க சந்திக்குது?

மொத பகுதியில. வடிச்ச தண்ணியில சீனியும் இருக்குது, சீனி வருத்தம் இல்லாத ஆளுக்கே ஒரு நாளைக்கு 160, 180 கிராம் வடியும், அத வீணாக்க கூடாதுன்னு ஒடம்பு திருப்பி எடுத்துக்குது. அதுக்குன்னு ஒரு கதவு இருக்கு, பேரு எஸ்.ஜி.எல்.டி.2. சோடி இல்லாம ஆள உள்ள விடாத வாசல் மாதிரி அது, ஒரு சோடியமும் ஒரு குளுக்கோசும் சேர்ந்து வந்தாத்தான் தொறக்கும். சீனியில 90 சதவீதம் மாதிரி இது வழியாத்தான் திரும்ப வருது. மிச்சத்த கொஞ்சம் தள்ளி இருக்கிற எஸ்.ஜி.எல்.டி.1 எடுக்குது, அதுக்கு ஒரு குளுக்கோசுக்கு ரெண்டு சோடியம் வேணும்.

இதெல்லாம் ஓடுறதுக்கு சக்தி குடுக்கிறது குழாய் செல்லோட அடுத்த பக்கத்துல இருக்கிற பம்ப். மூணு சோடியத்த ரத்தப் பக்கம் தள்ளிட்டு ரெண்டு பொட்டாசியத்த உள்ள எடுக்கும். செல்லுக்குள்ள சோடியம் கொறஞ்சே இருக்கிறதாலதான் வெளிய உள்ள சோடியம் உள்ள வரப் பாக்குது, வர்றப்ப சீனியையும் இழுத்துக்கிட்டு வருது. சோடியமும் சீனியும் இப்பிடி சோடியா போகும்ங்கிற யோசனைய ரொபர்ட் கிரேன்னு ஒரு விஞ்ஞானி 1960ல பிராக் நகரத்துல ஒரு கூட்டத்துல சொன்னாரு, அவரு பேசினது குடல பத்தி.

அப்ப வயித்தால போறப்ப குடுக்கிற ஜீவனியில சீனியும் உப்பும் சேர்ந்து இருக்கிறது இதனாலயா?

ஆமா, அதேதான். இந்தக் கேள்விய ஒரு ஸ்கூல் பிள்ள கேட்டுச்சி, எனக்கு அவ்வளவு சந்தோசம். குடல்ல இருக்கிறது எஸ்.ஜி.எல்.டி.1. வயித்தால போற நேரத்துலயும் அந்தக் கதவு பெரும்பாலும் வேல செய்யும், அதனால சீனிய குடுத்தா உப்பு உள்ள போகும், உப்பு பின்னாடி தண்ணி போகும். வெறும் தண்ணியோ வெறும் உப்புத் தண்ணியோ குடுத்தா அந்த மாதிரி ஏறாது. உலக சுகாதார நிறுவனம் 2002ல இருந்து சொல்ற அளவுல லீட்டருக்கு சோடியம் 75, குளுக்கோஸ் 75 மில்லிமோல்னு சரிசமமா வச்சிருக்காங்க. பக்கட்ல எவ்வளவு தண்ணியில கரைக்க சொல்லி இருக்கோ அவ்வளவுலதான் கரைக்கணும்னு நாங்க நச்சரிக்கிறதும் இதுக்குத்தான்.

சீனி இருக்கிறவங்களுக்கு கிட்னி ஏன் கெட்டுப்போகுது? வருசக்கணக்கா குளிசை முழுங்கினதாலன்னு எங்க லயத்துல சொல்றாங்க.

குளிசையால இல்ல, அடங்காம இருந்த சீனியாலயும் பிரஷராலயும். இத எவ்வளவு அழுத்தி சொன்னாலும் போதாது, ஏன்னா இந்தப் பேச்ச நம்பி குளிசைய விட்டுட்டு, சில வருசத்துல கால் வீங்கி மூச்சு வாங்கி வர்றவங்கள பாக்குறோம்.

நடக்கிறது என்னான்னா, ரத்தத்துல சீனி கூடுனா வடியிற சீனியும் கூடும், கிட்னி அத விடாம எடுக்கப் பாக்கும், எஸ்.ஜி.எல்.டி.2 கதவுகளும் கூடும். சீனியோட சோடியா உப்பும் அளவுக்கு மீறி மொத பகுதியிலேயே உள்ள போயிருது. இப்ப குழாயோட தள்ளி ஒரு எடத்துல, தன்னோட வடிகட்டிய ஒட்டினாப்புல, உப்பு எவ்வளவு வருதுன்னு பாக்குற செல்லுங்க இருக்கு, மக்குலா டென்சான்னு பேரு. அங்க உப்பு கொறைய வந்தா அது “வடியிறது பத்தல”ன்னு எடுத்துக்கிட்டு வடிகட்டிக்கு ரத்தம் கொண்டு வர்ற குழாய விரிச்சி விட்டுரும். வடிகட்டியில அழுத்தம் ஏறும். மொத சில வருசம் கிட்னி ரொம்ப நல்லா வேல செய்ற மாதிரியே ரிப்போர்ட் வரும், உண்மையில அது தாங்க முடியாத சொமையோட ஓடிக்கிட்டு இருக்கு. அப்புறம் வடிகட்டி தழும்பாகி புரதம் ஒழுகத் தொடங்கும். ஒண்ணுக்குல நுரை நிக்குதுன்னா அத சும்மா விடாதீங்க, யூரின் அல்பியூமின் பாக்கச் சொல்லுங்க.

“ஃப்ளோசின்”னு பேர் முடியிற குளிசை என்னா செய்யுது?

எம்பாக்ளிஃப்ளோசின், டாபாக்ளிஃப்ளோசின், கனாக்ளிஃப்ளோசின், இது மூணும் அந்த எஸ்.ஜி.எல்.டி.2 கதவ மூடுது. சீனி வருத்தம் உள்ள ஆளுக்கு ஒரு நாளைக்கு 60, 80 கிராம் மாதிரி சீனி ஒண்ணுக்கோட வெளிய போகும், சோடியா வர வேண்டிய உப்பும் உள்ள போகாம குழாயோட கீழ போகும். அதே பகுதியில என்.எச்.ஈ.3ன்னு இன்னொரு கதவு இருக்கு, உப்ப இன்னும் கூடுதலா எடுக்கிறது அதுதான், அதோட வேலையையும் இந்த மருந்து கொறைக்குதுன்னு மிருகங்கள்ல செஞ்ச ஆராய்ச்சிகள் காட்டுது.

இதோட மூலம் அப்பிள் மரம். 1835ல பிரான்ஸ்ல மரப்பட்டையில இருந்து ஃப்ளோரிசின்னு ஒண்ண பிரிச்சி எடுத்தாங்க, 1886ல ஜெர்மனியில வொன் மேரிங் அத நாய்க்கு குடுத்து பாத்தப்ப ஒண்ணுக்குல சீனி போச்சி. குடல்ல உள்ள எஸ்.ஜி.எல்.டி.1ஐயும் அது மூடிருங்கிறதால வயித்தால போகும், அதனால அப்பிடியே மருந்தாக்க முடியல. கிட்னிக் கதவ மட்டும் புடிக்கிற மாதிரி மாத்தி எடுத்து, டாபாக்ளிஃப்ளோசினுக்கு ஐரோப்பாவுல 2012ல அனுமதி கெடைச்சிச்சி.

90 சதவீதத்த எடுக்கிற கதவ மூடினா சீனி மொத்தமா போயிறணுமே. லோ ஆகி விழுந்துற மாட்டமா?

நல்ல கேள்வி. மேல உள்ள கதவ மூடினா கீழ உள்ள எஸ்.ஜி.எல்.டி.1 தன் பங்குக்கு ரொம்ப கூட எடுக்கத் தொடங்கும், சும்மா இருந்தப்ப அதுக்கு வேல கம்மி, இப்ப கூடுது. அதனால வடியிற சீனியில பாதிக்கு மேல போறதில்ல. ரத்தத்துல சீனி கொறைய கொறைய வடியிறதும் கொறையும், ஈரலும் சீனி செஞ்சி விடும். இத மட்டும் போடுறவங்களுக்கு லோ ஆகுறது அபூர்வம். இன்சுலினோ கிளிக்ளசைட், கிளிபென்கிளமைட் மாதிரி குளிசையோ கூட இருந்தா லோ ஆகலாம், அது அந்த மருந்துங்களால, டொக்டர் அதோட டோஸ கொறைக்க வேண்டி வரும்.

அண்ணே, போட்ட மொத கெழம ஓடி ஓடி ஒண்ணுக்கு போனேன். இப்ப அவ்வளவு இல்ல. மருந்து வேல செய்யாம போயிருச்சா?

வேல செய்யுது. உப்பு கூட வெளியாகுறது மொத சில நாளைக்குத்தான். அதுக்குள்ள ஒடம்பு “உப்பு கொறஞ்சிருச்சி”ன்னு கண்டுக்கும், ரெனின், அல்டொஸ்டிரோன் மாதிரி ஹோர்மோன்கள கொஞ்சம் கூட்டும், கடைசிப் பகுதிகள்ல உள்ள கதவுகள் கூட எடுக்கும். அப்புறம் சாப்பிடுற உப்பு எவ்வளவோ அவ்வளவுதான் வெளிய போகும். ஆனா ஒடம்புல நிக்கிற உப்பும் தண்ணியும் முன்னுக்கு இருந்தத விட கொஞ்சம் கீழ வந்து அங்கேயே நிக்கும். பிரஷர் மேல் அளவு 3, 5 எறங்கி நிக்கிறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

சீனி போறது மட்டும் குளிசை போடுற வரைக்கும் தொடரும். அதோட கொஞ்சம் தண்ணியும் போகும், ஒடம்பு எடையும் ரெண்டு மூணு கிலோ கொறையலாம்.

மொத மாசம் எடுத்த ரிப்போர்ட்ல கிரியேட்டினின் கூடிருச்சி. கிட்னிய காப்பாத்துற குளிசைன்னு சொல்லி குடுத்துட்டு இது என்னா?

இந்த ரிப்போர்ட்ட பாத்து பயந்து தானா நிப்பாட்டினவங்க நெறைய பேர். மக்குலா டென்சாவ பத்தி மேல சொன்னேனே, அத திருப்பிப் பாருங்க. குளிசை உப்ப மொத பகுதியில தடுக்கிறதால மக்குலா டென்சாவுக்கு உப்பு நல்லா வருது, அது விரிஞ்சி கெடந்த ரத்தக்குழாய சுருக்குது, வடிகட்டியில அழுத்தம் எறங்குது. அழுத்தம் எறங்கினா வடியிற அளவு கொஞ்சம் கொறையும், அதான் வடியிற அளவ காட்டுற ஈ.ஜி.எஃப்.ஆர் மூணு, அஞ்சு மாதிரி எறங்குறது, கிட்னி வெளிய தள்ள வேண்டிய கழிவான கிரியேட்டினின் ரத்தத்துல லேசா ஏறுறது. சொமை எறங்கினதோட அடையாளம் அது, குளிசைய நிப்பாட்டினா பழையபடி வந்துரும். லொசார்டன், எனலப்பிரில்ங்கிற பிரஷர் குளிசைகள தொடங்குறப்பயும் இப்பிடி ஒரு எறக்கம் வரும், அது வடிகட்டிய விட்டு ரத்தம் வெளிய போற குழாய விரிச்சி அதே அழுத்தத்த கொறைக்குது.

மொத எறக்கத்துக்கு அப்புறம் என்னா ஆகுதுங்கிறதுதான் முக்கியம். கனாக்ளிஃப்ளோசின வச்சி செஞ்ச கிரடென்ஸ் ஆய்வு 2019ல வந்துச்சி, கிட்னி செயலிழக்கிறது மாதிரி பெரிய ஆபத்துகள் சேர்த்துப் பாத்ததுல 30 சதவீதம் கொறஞ்சிருந்துச்சி. ஆனா எறக்கம் ரொம்ப பெருசா, 30 சதவீதத்துக்கு மேலன்னு இருந்தா வேற காரணம் தேடணும், ஒடம்பு காஞ்சிருக்கா, நோவுக் குளிசை ஏதும் போட்டாங்களான்னு. அந்த ரிப்போர்ட்ட அப்பிடியே கொண்டு போய் டொக்டர்ட காட்டுங்க.

உப்ப வெளிய தள்ளுற குளிசைதானே, அப்ப கருவாடு கொஞ்சம் கூட சாப்பிட்டா பரவாயில்லதானே?

இல்லம்மா. போன ரெண்டு பதிலையும் சேர்த்துப் பாருங்க, சில நாள்ல ஒடம்பு சமநிலைக்கு வந்துருது, அதுக்கப்புறம் நீங்க கூட சாப்பிடுற உப்பு பிரஷரத்தான் கூட்டும். ஒரு நாளைக்கு 5 கிராமுக்கு உள்ள, அதாவது எல்லா சாப்பாட்டுலயும் சேர்த்து மட்டமா ஒரு டீஸ்பூன். காலையில ரொட்டி மாவுல உப்பு, கட்டசம்பல்ல உப்பு, மத்தியானம் கருவாட்டுக் கொழம்பு, சோறு வடிக்கிறப்ப ஒரு கை உப்பு, டின்மீன், சூப் கட்டி. இதுல ரொட்டி உப்பையும் சோத்து உப்பையும் விட்டாலே நல்லா கொறையும், சம்பல்ல இருக்கிறதே போதும். ஆனா ஒரேயடியா உப்பே இல்லாம சாப்பிடுறதும் வேணாம், இந்தக் குளிசையோட அது தல சுத்தலத்தான் குடுக்கும்.

பிரஷர் குளிசை, தண்ணிக் குளிசை, இது மூணும் போடுறேன். எழும்பி நிக்கிறப்ப கண்ண கட்டுது.

தண்ணிக் குளிசைன்னா புரூசமைட் வளைஞ்ச பகுதியில உப்ப தடுக்குது, ஹைட்ரோகுளோரோதயசைட் அதுக்கு அடுத்த பகுதியில தடுக்குது, ஃப்ளோசின் மொத பகுதியில தடுக்குது. மூணு எடத்துலயும் ஒரே நேரத்துல தடுத்தா சில பேருக்கு, முக்கியமா வயசானவங்களுக்கு, உப்பும் தண்ணியும் அளவுக்கு மீறி கொறையும். தண்ணிக் குளிசைட டோஸ கொறைக்கிறதா வேணாமான்னு டொக்டர் பாப்பாரு. அதுவரைக்கும் படுக்கையில இருந்து சடார்னு எழும்பாதீங்க, ஒக்காந்து கொஞ்சம் பொறுத்து எழும்புங்க.

இதுல ஒரு பெரிய ஆபத்து சொல்றேன். முதுகு நோவு, முழங்கால் நோவுக்கு டைக்லோபெனாக், ஐபுபுரோஃபென்னு கடையில சும்மா வாங்கி போடுற பழக்கம். அது கிட்னிக்கு போற ரத்தத்த கொறைக்கும், உப்பையும் புடிச்சி வைக்கும். லொசார்டனும் தண்ணிக் குளிசையும் போடுற ஆளு அதோட இதையும் போட்டா கிட்னி திடீர்னு நின்னு போறதுக்கு வழி இருக்கு. சீனிக் குளிசைய கிட்னிக்கு கூடாதுன்னு பயந்து விட்டுட்டு நோவுக் குளிசைய தெனமும் போடுறவங்கள பாக்குறப்ப மனசு கெடந்து அடிச்சிக்குது. நோவுக்கு மொத்தமா பெரசிட்டமோல் போதுமான்னு கேளுங்க, கேக்குறதுக்கு காசு இல்ல.

நான் தேயிலைக் கொழுந்துக்கு போறவ. மலையில டொய்லட் இல்ல. இந்தக் குளிசைய எப்பிடி போடுறது?

இத கேட்ட அக்காவுக்கு அந்த நேரம் சரியா பதில் சொல்ல நேரமில்ல, அதனால இங்க கொஞ்சம் நீட்டி சொல்றேன். மலைக்கு போற பொம்பளைங்க ஒண்ணுக்கு போக எடமில்லாததால காலையில இருந்தே தண்ணி குடிக்காம இருக்காங்க, வெயில்ல மேட்டுல நின்னு முழு நாள் பேர் போடுற அளவு கொழுந்து எடுக்கிறாங்க. அந்த ஒடம்புல ஏற்கனவே தண்ணி கொறவு. அதோட சீனியையும் உப்பையும் வெளிய விடுற குளிசைய போட்டா மயக்கம் வரலாம், கிட்னிக்கு ரத்தம் கொறையலாம். ஒண்ணுக்குல சீனி இருக்கிறதால கீழ அரிப்பு, வெள்ளை படுறது மாதிரி பூஞ்ச தொற்றும் வரும், இது இந்த மருந்துல அடிக்கடி வர்ற பக்க விளைவு, பொம்பளைங்களுக்கு இன்னும் கூட.

அதுக்காக குளிசைய விடணும்னு இல்ல. கிளினிக்ல டொக்டர்ட வெக்கப்படாம சொல்லுங்க, “நான் மலையில வேல, பகல்ல ஒண்ணுக்கு போக ஏலாது, தண்ணி குடிக்கிறது கம்மி”ன்னு. இது அவங்களுக்கு தெரியாட்டி துண்டு எழுதுறப்ப கணக்குல வராது. காலையில வேலைக்கு பேர் குடுக்கிற பெரட்டுக்கு முன்னுக்கும், மத்தியானம் வீட்டுக்கு வர்றப்பயும், வேல விட்டு வந்ததும் நல்லா தண்ணி குடிங்க. ஒண்ணுக்கு போனா தண்ணியால கழுவி தொடைங்க, அரிப்பு தொடங்கினதும் வாங்க, அதுக்கு மருந்து இருக்கு. தோட்டத்துல டொய்லட் கேக்குறது வேற ஒரு போராட்டம், ஆனா கிட்னி வருத்தத்த பத்தி பேசுறவங்க அதையும் சேர்த்துத்தான் பேசணும்னு நான் நெனைக்கிறேன்.

அம்மாவுக்கு பயோக்ளிட்டசோன் குடுத்ததுல இருந்து கால் வீங்குது. சப்பாத்து ஏறுதில்ல.

இது எதிர்ப் பக்கம். பயோக்ளிட்டசோன் இன்சுலின் நல்லா வேல செய்ய ஒதவும், சீனியும் எறங்கும், ஆனா கிட்னியில உப்ப புடிச்சி வைக்கும். பிபார் காமாங்கிற ஒண்ண அது தூண்டுது, அது கிட்னிக் குழாய்லயும் இருக்கு. கடைசிப் பகுதியில உள்ள ஈனாக்ங்கிற சோடியக் கதவ அது கூட்டுதுன்னு ஒரு பக்கமும், மொத பகுதியிலயும் உப்பு எடுக்கிறத கூட்டுதுன்னு இன்னொரு பக்கமும் ஆராய்ச்சிகள் இருக்கு. தனியா போடுறவங்கள்ல நூறுக்கு அஞ்சு பேர் மாதிரிக்கு வீக்கம் வரும், இன்சுலினோட சேர்த்தா அத விட ரொம்ப கூட.

இதயம் பலவீனமான ஆளுக்கு இது குடுக்கக் கூடாது, 2007ல அமெரிக்காவுல இந்த வகை மருந்து பெட்டியில கடுமையான எச்சரிக்கை போட வச்சாங்க. அம்மாவுக்கு வீக்கத்தோட மூச்சு வாங்குதா, படுத்தா மூச்சு முட்டுதா, எடை சில நாள்ல சட்டுனு கூடிருக்கான்னு பாருங்க, இருந்தா கிளினிக் நாள் வரைக்கும் காத்திருக்க வேணாம், அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போங்க. வீக்கம் மட்டும்னாலும் அந்த வாரமே காட்டுங்க.

எனக்கு இன்சுலின் தொடங்கினப்பயும் மொகமும் காலும் வீங்கிச்சி. ஊசி ஒத்துக்கலயா?

ஒத்துக்காம போனதில்ல. இன்சுலினே கிட்னியில உப்ப கூட எடுக்க வைக்கிற ஹோர்மோன். 1975ல ரால்ஃப் டிஃப்ரான்சோவும் கூட இருந்தவங்களும் ஆளுங்களுக்கு இன்சுலின் ஏத்தி, ரத்த சீனிய மாறாம வச்சிக்கிட்டு பாத்தாங்க, சீனி மாறாமலே ஒண்ணுக்குல போற சோடியம் கொறஞ்சிச்சி. அதோட, சீனி ரொம்ப கூடி இருந்த காலத்துல அது தண்ணியையும் உப்பையும் இழுத்துக்கிட்டு வெளிய போய் ஒடம்பு காஞ்சி கெடந்திருக்கும், ஊசி தொடங்கினதும் அந்த ஒழுகல் நிக்கும். ரெண்டும் சேர்ந்து வீக்கம். பெரும்பாலும் சில வாரத்துல தானா வத்திரும். ஊசிய நிப்பாட்டாதீங்க, அதுதான் ஆபத்து.

அப்ப கால் வீங்கினா சீனி மருந்துதான் காரணமா?

இல்ல. பிரஷருக்கு குடுக்கிற நிபெடிப்பின், அம்லோடிப்பின் கால வீங்க வைக்கும், அது உப்பு தேங்கி வர்றதில்ல, கால்ல சின்ன ரத்தக்குழாய் விரிஞ்சி தண்ணி கசியிறது, அதனால தண்ணிக் குளிசைக்கும் அவ்வளவா வத்தாது. இதயம், ஈரல், புரதம் ஒழுகுற கிட்னி, ஒரு கால் மட்டும்னா ரத்தக்கட்டு, இப்பிடி பல காரணம் இருக்கு. போடுற எல்லாக் குளிசையையும் ஒரு பேக்ல போட்டு கிளினிக் கொப்பியோட கொண்டு போங்க, டவுன்ல தனியா வாங்கினதையும் சேர்த்து.

மெட்போமின்தான் கிட்னிய கெடுக்கிற குளிசை, அதான் எங்க சித்தப்பாவுக்கு கிட்னி பழுதானதும் டொக்டர் அத நிப்பாட்டினாரு. சரிதானே?

நடந்தது சரி, காரணம் தலைகீழ். மெட்போமின் ஒடம்புல மாறாம அப்பிடியே கிட்னி வழியா வெளிய போற மருந்து. கிட்னி மோசமானா மருந்து ஒடம்புல தேங்கி ரத்தத்துல அமிலம் கூடுற ஆபத்து இருக்கு, அதனால ஈ.ஜி.எஃப்.ஆர் 45க்கு கீழ வந்தா டோஸ கொறைப்பாங்க, 30க்கு கீழ நிப்பாட்டுவாங்க. கிட்னி முதல்ல கெட்டுச்சி, அதனால குளிசைய நிப்பாட்டினாங்க. சித்தப்பாவ பாத்துட்டு லயத்துல எத்தன பேர் மெட்போமின விட்டாங்களோ தெரியல, தயவு செஞ்சி விடாதீங்க.

உப்பு விசயத்துல அது பெருசா எதுவும் செய்யாது. செல்லுக்குள்ள ஏ.எம்.பி.கே.ங்கிற ஒண்ண அது தூண்டுது, அது மேல சொன்ன ஈனாக் கதவ கொஞ்சம் அடக்கும்னு ஆய்வுகூடத்துல பாத்திருக்காங்க, ஆனா ஆளுங்க பிரஷர்ல தெரியிற அளவுக்கு பெருசா இல்ல.

கிளிக்ளசைட், சிட்டாக்ளிப்டின், வாரத்துக்கு ஒருக்கா போடுற ஊசி, இதெல்லாம்?

கிளிக்ளசைட் உப்ப நேரா தொடுறதில்ல. அதே வகையில பழைய குளோர்புரோபமைட் தண்ணிய புடிச்சி வச்சி ரத்தத்துல சோடியத்த ஐதாக்கும், இப்ப அத யாரும் எழுதுறதில்ல. சிட்டாக்ளிப்டின் தடுக்கிற டி.பி.பி.4ங்கிற நொதியம் என்.எச்.ஈ.3 கதவு பக்கத்துலயே ஒட்டி இருக்கு, அதனால லேசா உப்பு வெளியாகும், அவ்வளவுதான். அதே வகை சாக்சாக்ளிப்டின்ல 2013ல வந்த ஆய்வுல இதய பலவீனத்துக்கு வார்ட்ல சேர்றது 27 சதவீதம் கூடியிருந்துச்சி, இதய வருத்தம் இருந்தா டொக்டர்ட சொல்லுங்க.

வாரத்துக்கு ஒருக்கா போடுற செமாக்ளூட்டைட் ஊசி, ஜி.எல்.பி.1ங்கிற குடல் ஹோர்மோன் மாதிரி வேல செய்ற வகை, இதுவும் என்.எச்.ஈ.3ஐ அடக்கி கொஞ்சம் உப்ப விடும். 2024ல வந்த ஃப்ளோ ஆய்வுல சீனியும் கிட்னி வருத்தமும் உள்ளவங்களுக்கு பெரிய கிட்னி ஆபத்துகள் 24 சதவீதம் கொறஞ்சிச்சி. வெல எல்லாருக்கும் கட்டுப்படியாகாது. வாந்தி கூட வந்தா ஒடம்பு காயும், அத மட்டும் பாத்துக்கணும்.

யூரின் ரிப்போர்ட்ல சீனி நாலு பிளஸ். லேப்ல பயங்காட்டிட்டாங்க.

ஃப்ளோசின் போடுறீங்கன்னா அது அப்பிடித்தான் வரும், வரலன்னாத்தான் குளிசை ஒழுங்கா போடுறீங்களான்னு கேக்கணும். ரத்த சீனியையும், மூணு மாச சராசரிய காட்டுற எச்.பி.ஏ.1.சியையும் பாருங்க. லேப்ல குளிசைட பேர சொல்லுங்க.

கந்த சஷ்டிக்கு ஆறு நாள் விரதம் இருப்பேன். குளிசைய போட்டுக்கிட்டே இருக்கலாமா?

ஃப்ளோசின் போடுறவங்க டொக்டர்ட கேக்காம இருக்கவே கூடாது. சாப்பாடு இல்லாதப்ப ஒடம்பு கொழுப்ப எரிக்கும், கீட்டோன் அமிலம் சேரும். இந்தக் குளிசையோட அது கூடி ரத்தம் அமிலமாகுற நெலைக்கு போகலாம், அதுல கொடுமை என்னான்னா சீனி மெஷின்ல அளவு அவ்வளவு கூட காட்டாது, 200க்கு உள்ள கூட இருக்கலாம். வாந்தி, வயித்து நோவு, மூச்சு வேகமா வாங்குறது, ஒரே அசதி, இது வந்தா “சீனி சரியாத்தானே இருக்கு”ன்னு வீட்டுல இருக்காதீங்க, ஆஸ்பத்திரிக்கு போய் குளிசைட பேர சொல்லி கீட்டோன் பாக்கச் சொல்லுங்க.

காய்ச்சல், வாந்தி, வயித்தால போற நாள்கள்லயும் இத தற்காலிகமா நிப்பாட்டச் சொல்லுவாங்க, ஒப்பரேஷனுக்கு மூணு நாள் முன்னுக்கும். எப்ப நிப்பாட்டுறது எப்ப திருப்பி தொடங்குறதுன்னு முன்கூட்டியே கேட்டு கொப்பியில எழுதி வாங்கிக்கங்க. இன்சுலின் போடுறவங்க அத தானா நிப்பாட்டக் கூடாது, விரதம்னாலும் காய்ச்சல்னாலும்.

அநுராதபுரம் பக்கம் விவசாயிங்களுக்கு வர்ற கிட்னி வருத்தமும் இதுவும் ஒண்ணா?

வேற. அது 1990கள்ல இருந்து வட மத்திய மாகாணத்துல பரவலா தெரிய வந்தது, பதுளை மாவட்டத்துல கீழ கிராந்துருக்கோட்டை பக்கமும் இருக்கு. சீனியோ பிரஷரோ இல்லாதவங்களுக்கே வருது, புரதம் ஒழுகுறதும் கம்மி, குழாய்ப் பகுதிதான் முதல்ல கெடுது, காரணம் இன்னும் முடிவாகல. நான் மேல சொன்னது சீனியால வடிகட்டி கெடுறது, இதுக்கு காரணமும் தெரியும் தடுக்கிற வழியும் தெரியும்.

எங்க மாமாவுக்கு கிட்னி ரொம்ப கொறஞ்சிருச்சி, இனி இந்தக் குளிசையால சீனி எறங்காதுன்னு டொக்டரே சொல்றாரு. சொல்லிட்டு அதையே எழுதியும் குடுக்கிறாரு. ஏன்?

டொக்டர் சரியாத்தான் செய்றாரு. சீனி வெளிய போகணும்னா முதல்ல அது வடியணும். ஈ.ஜி.எஃப்.ஆர் 45க்கு கீழ போனா வடியிறதே கொறைவு, அதனால சீனி எறங்குறதும் கொறைவு. ஆனா மிஞ்சி இருக்கிற ஒவ்வொரு வடிகட்டியும் தன் பங்குக்கு மேல சொமக்குது, அங்க மக்குலா டென்சாவுக்கு உப்ப அனுப்பி அழுத்தத்த எறக்குற வேல தொடர்ந்து நடக்குது. அதனால 20 வரைக்கும் கூட இத தொடங்குறாங்க.

2020ல வந்த டாபா சி.கே.டி. ஆய்வுல 4304 பேர் இருந்தாங்க, அதுல மூணுல ஒரு பங்கு மாதிரி பேருக்கு சீனி வருத்தமே கெடையாது. டாபாக்ளிஃப்ளோசின் போட்டவங்களுக்கு கிட்னி பாதியாகுறது, செயலிழக்கிறது, கிட்னியாலயோ இதயத்தாலயோ சாகுறது எல்லாம் சேர்த்துப் பாத்தா 39 சதவீதம் கொறஞ்சிச்சி, சீனி இருக்கிறவங்க இல்லாதவங்க ரெண்டு பேருக்கும். அதுக்கு முதல் வருசம் இதய பலவீனத்துல செஞ்ச ஆய்வுலயும் சீனி இல்லாதவங்களுக்கு பலன் இருந்துச்சி, அது எந்த வழியாங்கிறத பத்தி உப்பு, கீட்டோன், ரத்தம் கெட்டியாகுறதுன்னு விஞ்ஞானிங்க இன்னும் வாதாடிக்கிட்டு இருக்காங்க. அதனால இப்ப சீனியே இல்லாத ஆளுங்க துண்டுலயும் இந்தப் பேர் வருது. கௌண்டர்ல அத பாத்துட்டு “எனக்கு சீனி இல்லயே தம்பி, வேற ஆள்ட துண்டு மாறிருச்சா”ன்னு கேட்டு வாங்காம போறவங்க இருக்காங்க. துண்டுல உங்க பேர் இருந்தா மாறல, அது ஒங்க கிட்னிக்கோ இதயத்துக்கோ எழுதினது, வாங்கிட்டு போங்க.